தணிக்கையின் தரமும் நிர்வாகத்தின் பங்கும்

(பயிற்சி பெறும் அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தணிக்கை என்றவுடன் கூட்டல் கழித்தலைச் சரிபார்க்கும் பணியே பலரது நினைவுக்கு வருகிறது. பட்டியலுக்குப் பற்றுச்சீட்டு உண்டா, பற்றுச்சீட்டில் கையொப்பம் உண்டா, செலவுக்கு ஒப்புதல் ஆணை உண்டா என்று பார்த்துவிட்டால் தணிக்கை முடிந்தது என்பது பொதுவான எண்ணம். இவையெல்லாம் பார்க்கப்பட வேண்டியவையே. ஆயினும் இவை அனைத்தும் செலவு செய்த அலுவலகமே எழுதி வைத்த காகிதங்கள். அவற்றுக்கு வெளியே சென்று சான்று தேடத் தணிக்கையாளருக்கு அதிகாரமும் அவகாசமும் மனமும் இருந்தனவா என்பதைப் பொறுத்தே தணிக்கையின் தரம் அமைகிறது. இம்மூன்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. அவற்றைச் சட்டமும், தணிக்கைக்கு உட்படும் நிர்வாகமுமே தீர்மானிக்கின்றன.

பீகார் மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறையில் நிகழ்ந்த முறைகேடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள சாய்பாசாவில் 1996 ஜனவரியில் நடந்த சோதனைகளால் அது வெளிப்பட்டது. தீவனமும் மருந்தும் வாங்கியதாகக் கூறி, சட்டமன்றம் அனுமதித்த தொகையைக் காட்டிலும் பன்மடங்கு பணம் பல ஆண்டுகள் கருவூலங்களிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. மொத்தத் தொகை 900 கோடி ரூபாய்க்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது. போலி ஒதுக்கீட்டுக் கடிதங்களும் போலிப் பட்டியல்களும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு ஆயத்தம் செய்யப்பட்டிருந்தன. பட்டியலைப் பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் ஐயம் எழ வழியில்லை. சரக்கை ஏற்றி வந்ததாகக் காட்டிய வண்டி எண்களைப் போக்குவரத்துத் துறையின் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோதுதான், லாரிகள் எனப்பட்டவற்றுள் ஸ்கூட்டர்களும் இருந்தமை தெரிந்தது. ஒரு ஸ்கூட்டர் டன் கணக்கில் தீவனம் சுமந்ததாகக் கணக்கு எழுதியவருக்கு, அந்த எண்ணை எவரும் வேறோர் அலுவலகத்தில் சென்று கேட்கமாட்டார் என்ற துணிவு இருந்திருக்க வேண்டும்.

அதே நிகழ்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கருவூலங்களிலிருந்தும் துறைகளிலிருந்தும் மாதக் கணக்குகள் காலந்தாழ்ந்து வருவதைத் தணிக்கைத் துறை 1980களிலேயே மாநில அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றிருந்தது. ஒதுக்கீட்டுக்கு மேற்பட்ட செலவும் அறிக்கைகளில் இடம்பெற்றது. கண்டது தணிக்கை, கேட்பார்தாம் இல்லை.

தனியார் துறையிலும் இதே பாடம் கிடைத்தது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், கணக்கேட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி உண்மையில் இல்லை என ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பைச் சரிபார்க்கும் முறை, தணிக்கை பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே கற்பது: தணிக்கையாளரே வங்கிக்கு எழுதிக் கேட்டு, வங்கியின் விடையை நேரே தம் கையில் பெற வேண்டும். அங்கோ நிறுவனத்தின் வழியாக வந்த உறுதிக் கடிதங்களே சான்றாக ஏற்கப்பட்டன. இந்தக் குறையைக் கணக்கியல் அறிவின்மை என்று கூறமுடியாது. கேட்க வேண்டிய இடத்தில் கேளாமையே குறை.

பதிவேடு கேட்டலும் கொடுத்தலும்

அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பதவியையும் கடமைகளையும் அறிக்கை சேரும் இடத்தையும் வகுத்துள்ளன. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அன்றி அவரை நீக்க இயலாது. பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி வகிக்கவும் இயலாது. அரசியல் நிர்ணய சபையில் 1949 மே மாதம் பேசிய டாக்டர் அம்பேத்கர், அரசியலமைப்பின் மிக முக்கியமான அலுவலர் இவரே எனக் கருதினார். 1971 ஆம் ஆண்டின் கடமைகள், அதிகாரங்கள், பணி நிலைமைகள் சட்டம் இதற்கு விரிவு தந்தது. அச்சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி எந்தக் கணக்கையும் ஆவணத்தையும் கேட்டுப் பெறலாம். அலுவலகப் பொறுப்பாளர் எல்லா வசதிகளும் செய்து தரவேண்டும்.

கொடுக்காவிட்டால் என்ன என்பதற்கு அச்சட்டத்தில் தண்டனைப் பிரிவு இல்லை. இச்சிறு இடைவெளி நடைமுறையில் பெரிதாகிவிடுகிறது. தணிக்கைக் குழு ஓர் அலுவலகத்திற்கு வருகிறது. மூன்று அல்லது நான்கு பேர். சில நாட்களே அவகாசம். முதல் நாளில் கேட்ட கோப்பு மேலிடத்திற்குச் சென்றிருப்பதாகக் கூறப்படுகிறது. இருப்புப் பதிவேட்டை வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார். ஒப்பந்தப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல் கடைசி நாள் மாலையில் வந்து சேர்கிறது. குழு வேறு ஊருக்குப் புறப்பட வேண்டிய நாள் அதுவே. இவ்வாறு எழும் அறிக்கையில் பயணப்படியில் மிகுதியாகப் பெற்ற சில நூறு ரூபாய்கள் இடம்பெறும். கோடிக்கணக்கில் வாங்கிய பொருளின் விலை நியாயமானதா என்ற வினா இடம்பெறாது. பின்னர் அதே அலுவலகம், தணிக்கை அற்பங்களைப் பார்க்கிறது என்று குறை கூறுவதும் வழக்கம்.

தணிக்கைக் குழு களத்தில் எழுப்பும் வினா, பக்கத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் எழுதப்படுகிறது. மறு பாதி விடைக்கென வெறுமையாக விடப்படும். அந்தப் பாதியில் அலுவலகம் எழுதும் நாலு வரி, பல நேரங்களில் பின்னால் வரும் நாற்பது பக்கக் கடிதப் போக்குவரத்தைத் தவிர்க்கும். பயிற்சியிலிருக்கும் இளைய அலுவலர் பலர் நாளை அந்த வெற்றுப் பாதியின் முன் அமரப் போகிறவர்கள். “பரிசீலித்துப் பின்னர்த் தெரிவிக்கப்படும்” என்று எழுதுவது எளிது. அவ்வாறு எழுதப்பட்ட தடைகள் ஆய்வு அறிக்கைக்கும், அங்கிருந்து வரைவுப் பத்திக்கும், சில வேளை அச்சிட்ட அறிக்கைக்கும் ஏறிச் செல்கின்றன. உரிய பதில் தொடக்கத்திலேயே கிடைத்திருந்தால் அவற்றுள் ஒரு பகுதி களத்திலேயே தீர்ந்திருக்கும்; எஞ்சிய பகுதி கூர்மை பெற்றிருக்கும்.

மானியங்களில் இச்சிக்கல் இன்னும் வெளிப்படை. பொது நிதி விதிகளின்படி, மானியம் பெற்ற அமைப்பு நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயனீட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். பணத்தைப் பெற்றவரே, பணம் நோக்கம்போல் செலவாயிற்று என்று தமக்குத் தாமே வழங்கும் சான்று அது. அதுவும் வராமல் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்கும் நேர்வுகளைத் தணிக்கை அறிக்கைகள் தொடர்ந்து சுட்டி வருகின்றன. முந்தைய மானியத்துக்குச் சான்று வராத அமைப்புக்கு அடுத்த மானியமும் வழங்கப்படுமாயின், திட்டத்தின் பயனை அளக்க நிர்வாகத்திடமே அளவுகோல் இல்லை என்று பொருள்.

காலம் கடந்த கணக்கு

அரசு நிறுவனங்களின் தணிக்கை இரு படிகளைக் கொண்டது. 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 139(5) ஆம் பிரிவின்படி, நிதியாண்டு தொடங்கிய 180 நாட்களுக்குள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஒரு பட்டயக் கணக்காளரை நியமிக்கிறார். அவரது அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் துணைத் தணிக்கை செய்து கருத்துரை வழங்கலாம். நடுவில் நிறுவனம் தன் கணக்கைத் திருத்திக்கொள்வதும் உண்டு. இலாபம் என்று காட்டியது குறைவதும், தேய்மானம் சேர்க்கப்பட்டு நட்டம் கூடுவதும் இத்தகைய திருத்தங்களால் நிகழ்கின்றன. தணிக்கையால் நிறுவனத்துக்கு விளையும் நேரடிப் பயன் இதுவே. இயக்குநர் குழுவும் கடன் தரும் வங்கியும் பங்குதாரரான அரசும் மெய்யான எண்ணைக் காண்கின்றன.

ஆனால் இது கணக்கு உரிய காலத்தில் முடிந்தால் மட்டுமே. பல மாநிலங்களில் அரசு நிறுவனங்கள் சிலவற்றின் கணக்குகள் பல ஆண்டுகள் நிலுவையில் உள்ளன. ஐந்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கைத் தணிக்கை செய்பவர் எதைச் சரிபார்ப்பார்? கையிருப்புச் சரக்கு அன்று இருந்ததா என்று இன்று எண்ணிப் பார்க்க இயலாது. கடன்பட்டவர் ஊரைவிட்டுப் போயிருப்பார். மேலாளர் ஓய்வு பெற்றிருப்பார். தணிக்கையாளர் எத்துணைத் திறமையுடையவராயினும் அவரது கருத்துரை வரலாற்றுக் குறிப்பாகவே அமையும். அதற்குள் அந்நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் பங்கு முதலீடும் கடனும் பெற்றுக்கொண்டேயிருக்கும். தணிக்கையாகாத கணக்கை நம்பி வழங்கும் பொதுப்பணத்தின் பயன் என்னவென்று பொருளாதார மாணவர் கேட்டால், விடை சொல்வது நிதித்துறைக்கும் கடினமே.

அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பின்னரும் காலம் முக்கியம். பொதுக் கணக்குக் குழுவில் 22 உறுப்பினர். 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருப்பது மரபு. எல்லாப் பத்திகளையும் அக்குழுவால் விசாரிக்க இயலாது. ஆகவே நான்கு மாதங்களுக்குள் அமைச்சகங்கள் நடவடிக்கைக் குறிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. இவ்விதி பின்பற்றப்படும் அளவே தணிக்கையின் விளைவைத் தீர்மானிக்கிறது.

சுதந்திரமும் அச்சமும்

கணக்கை எழுதுபவரே அதைத் தணிக்கை செய்வது முறையன்று என்பது பழைய கொள்கை. எனினும் மத்திய அரசில் கணக்குப் பணி 1976 இல்தான் தணிக்கையிலிருந்து பிரிக்கப்பட்டு அமைச்சகங்களுக்கு மாற்றப்பட்டது. மாநிலங்களில் கணக்கு அலுவலகமும் தணிக்கை அலுவலகமும் 1984 மார்ச் மாதம் தனித்தனியாயின. தனியார் நிறுவனத் தணிக்கையில் சிக்கல் வேறு வகையானது: யாரைத் தணிக்கை செய்ய வேண்டுமோ அவரே ஊதியம் தருகிறார். குறிப்பிட்ட வகை நிறுவனங்களில் தனி நபர் 5 ஆண்டுகளுக்கு மேலும், கூட்டு நிறுவனம் 10 ஆண்டுகளுக்கு மேலும் தொடரக் கூடாது என்று 2013 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தணிக்கை செய்யும் நிறுவனத்துக்கே கணக்கெழுதுதல் போன்ற பிற சேவைகளை அளிப்பதையும் தடுத்தது. பெரிய நிறுவனங்களின் தணிக்கைத் தரத்தைக் கண்காணிக்க 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், புதிதாக வரும் தணிக்கையாளர் நிறுவனத்தின் தொழிலைப் புரிந்துகொள்ளவே ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும் என்ற எதிர்வாதத்திலும் உண்மை உண்டு.

நிர்வாகத்தினர் கூறும் மற்றொரு குறையைப் புறக்கணிக்க இயலாது. தணிக்கைக்கு அஞ்சி அலுவலர்கள் முடிவெடுக்கத் தயங்குகின்றனர் என்பது அது. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க நிர்வாக அறிஞர் பால் ஆப்பிள்பி 1956 இல் அளித்த அறிக்கையில் இதனைக் கடுமையாகவே எழுதினார். தணிக்கையாளருக்கு நிர்வாகம் தெரியாது என்பது அவர் கருத்து. அன்றைய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அசோக் சந்தா இதனை ஏற்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் விவாதம் ஓயவில்லை. அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய 2010 ஆம் ஆண்டு அறிக்கை, இழப்பு எனக் கருதத்தக்க தொகையை வெவ்வேறு அடிப்படைகளில் சுமார் 57,000 கோடி முதல் 1,76,000 கோடி ரூபாய் வரை மதிப்பிட்டது. மக்கள் மனத்தில் நின்றது கடைசி எண் ஒன்றே. ஊகத்தின் மேல் அமைந்த மதிப்பீட்டில், எந்த ஊகம் எந்த எண்ணைத் தருகிறது என்பதை எண்ணுக்கு முன்பே நிறுத்தி எழுதுவது தணிக்கையாளரின் கடமை. அன்று அலுவலரிடம் இருந்த தகவலைக் கொண்டு அவரது முடிவை மதிப்பதா, பின்னர்த் தெரிந்தவற்றைக் கொண்டு மதிப்பதா என்பதும் செயல்திறன் தணிக்கையில் முன்கூட்டியே தெளிவாக்கப்பட வேண்டிய ஒன்று. காரணங்களைக் கோப்பில் எழுதி வைத்த அலுவலர் அஞ்ச வேண்டியது குறைவு. எழுதாமல் விட்ட நல்ல முடிவுகூடத் தணிக்கையின் முன் ஊமையாய் நிற்கும்.

காகிதத்துக்கு வெளியே சென்று கேட்பதற்கு மிக எளிய வடிவம் ஒன்றை ஊரக வேலை உறுதிச் சட்டம் காட்டியது. 2005 ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 17 ஆம் பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. 2011 இல் அதற்கான விதிகள் வந்தன. மஸ்டர் ரோலில் உள்ள பெயர்களைக் கூட்டத்தில் உரக்கப் படித்தால் போதும். வேலைக்கே போகாதவர், தம் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதை அப்போது அறிவார். இறந்தவரின் பெயர் வந்தால் ஊரே அறியும். ஆந்திரப் பிரதேசம் இதற்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தி முன்னோடியாக விளங்கியது. எனினும் கண்டறிந்த தொகையைத் திரும்பப் பெறுவதில் அங்கும் பிற மாநிலங்களிலும் வேகம் போதவில்லை. வசூலிக்கும் பொறுப்பு, முறைகேடு நடந்த அதே நிர்வாகத்திடம் இருந்தது அதற்கு ஒரு காரணம்.

கருவூலங்களும் கொள்முதலும் கணினிக்கு மாறிய பின், அலுவலகத்தைக் கேளாமலேயே இலட்சக்கணக்கான பதிவுகளைத் தணிக்கையாளர் ஒரே நாளில் அலசலாம். ஒரே வங்கிக் கணக்குக்கு இரு பெயரில் பணம் சென்றதை உடனே காணலாம். பதிவேடு மறைக்கும் பழைய உபாயம் இதனால் பெருமளவு பயனற்றுப் போகும். ஆனால் கட்டி முடிந்ததாகக் கணினியில் பதிவான கிணற்றில் தண்ணீர் உள்ளதா என்பதை அறிய, குழுவில் ஒருவர் இன்னமும் அந்த ஊருக்குச் சென்று எட்டிப் பார்க்கவே வேண்டியுள்ளது. அதற்கான பயண நாட்களைத் தணிக்கைத் திட்டத்தில் ஒதுக்குவதும், அன்று பொறியாளரை உடன் அனுப்புவதும் இரு அலுவலகங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய ஏற்பாடுகள்.