நெடுங்கால் உயிர்கள்



ஆங்கிலத்தில் ‘லெக்கி’ என்றொரு பெயரடை உண்டு. கால் என்று பொருள்படும் ‘லெக்’ என்ற சொல்லினின்று பிறந்தது அது. உடலுக்கு மிஞ்சிய கால்களையுடைய மனிதரையும், பிறந்த சிறிது நேரத்துக்குள் தள்ளாடி எழுந்து நிற்கும் குதிரைக்குட்டியையும், இலை குறைந்து தண்டு மட்டும் நீண்டுவிட்ட செடியையும் அச்சொல் ஒன்றே குறிக்கும். பார்வைக்கு இவை ஒன்றுபோல் தோன்றினும், நெடுமைக்குக் காரணம் எல்லாவற்றிலும் ஒன்றன்று.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சமில்லை. திருமாலை நெடியோன் என்று போற்றிய மொழி நம்முடையது. எனினும் நம் வீட்டுப் பேச்சிலே நெடுமை பெரும்பாலும் ஏசலாகவே வழங்குகிறது. நெட்டைக்கொக்கு, ஒட்டடைக்கம்பு, தேவாங்கு! இவற்றுள் தேவாங்கு என்பதே கொடிது. அவ்வாறு ஏசுவோருள் அப்பிராணியை நேரிற் கண்டவர் மிகச் சிலரே.

பீன்யாவில் வாழும் தமிழ் அன்பர்கள் அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பீன்யா மெட்ரோ நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிலையம் யஷ்வந்தபுரம். அதற்கு அருகில் 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகத்தின் வளாகம் உள்ளது. அங்குள்ள மரங்களில் தேவாங்குகள் வாழ்கின்றன. ஆய்வாளரும் ஆர்வலரும் இரவில் விளக்கேந்திச் சென்று அவற்றைக் கணக்கெடுத்திருக்கின்றனர்.

ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள உடல். வெளியே தெரியும் வால் இல்லை. முகத்தையே அடைத்துக்கொண்ட இரு கண்கள். குச்சி போன்ற கைகால்கள். குரங்குகளுக்குத் தூரத்து உறவான இப்பிராணி குரங்கைப் போலத் தாவாது. ஒரு கிளையைப் பின்கால்களாற் பற்றிக்கொண்டு, கையை நீட்டி அடுத்த கிளையை எட்டிப் பிடித்து, ஓசையின்றிக் கடந்து பூச்சிகளைத் தின்னும். நாம் நகைக்கும் அக்கைகால்களே அதன் பாலமும் பிழைப்பும் ஆகும். கிளைகள் ஒன்றையொன்று தொடும்வரை அதற்கு வாழ்வுண்டு. சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ நடுவே நாலு மரங்கள் வீழ்ந்தால், எத்தனை நீண்ட கையும் எட்டாது.

அதன் தோற்றத்தைக் கண்டு அபசகுனம் என்று அஞ்சியும், மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று பிடித்தும் மக்கள் அதற்கு இழைத்த தீங்கு மிகுதி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்துள்ளது. 2022-இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தது. நாட்டில் தேவாங்குக்கென்றே அமைந்த முதற் சரணாலயம் அதுவே. கன்னடத்தில் இப்பிராணியின் பெயர் ‘காடுபாப்பா’, அதாவது காட்டுக் குழந்தை. நாம் வசையாக்கிய உயிருக்கு அண்டை மொழியினர் இட்ட பெயரைப் பாருங்கள்!

இனி, நம் வீட்டுக் குழந்தைக்கு வருவோம். வளரும் பருவத்திலே உடல் முழுவதும் ஒருசேர நீள்வதில்லை. முதலிற் பாதங்களும் கைகளும், பின்னர்க் கால்களும் நீள்கின்றன. நடுவுடல் கடைசியாகவே வளர்ந்து ஈடு செய்கிறது. இடைப்பட்ட ஓரிரண்டு ஆண்டுகள் பிள்ளை கையைக் காலை எங்கே வைப்பதென்று அறியாது திகைக்கும். பொங்கலுக்கு ஊரிலிருந்து வரும் மாமா, “என்னடா, தேவாங்கு மாதிரி நீண்டுவிட்டாய்?” என்பார். அன்பினாற் சொல்வதுதான், ஐயமில்லை. ஆனால் அன்று முதல் தோளைக் குறுக்கிக் கூனி நடக்கத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. பெண் குழந்தைகளிடம் இதை மிகுதியாகக் காணலாம். மொழி புதிதான பள்ளியிலே முன்னமே ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு வீட்டிலும் இது வேண்டுமா?

எஞ்சியது செடி. நெடுமை உண்மையிலேயே குறையாக அமைவது இங்கேதான். தொழிற்பேட்டை எழுந்த பீன்யாவில், சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீட்டின் சன்னலிலே ஒரு பழைய வாளியில் மிளகாயோ தக்காளியோ விதைக்கிறோம். நாற்று நான்கே நாளில் கிடுகிடுவென்று உயரும்; நாம் மகிழ்வோம். அது செழிப்பன்று, ஒளிப்பசி. வெளிச்சம் போதாத செடி, ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளின் துணையால் தண்டின் அணுக்களை நீட்டி நீட்டி ஒளியைத் தேடுகிறது. இலை சிறுத்து வெளிறுகிறது. தண்டு தன் தலையைத் தானே தாங்க மாட்டாமற் சாய்கிறது. இதற்கு உரமிடுவது பயன் தராது. தழைச்சத்து மிகுந்தால் இன்னும் நீளும். வாளியை மொட்டைமாடிக்கு மாற்றுங்கள். ஆனால் ஒரே நாளில் கடும் வெயிலில் வைத்துவிடாமல், நாளுக்குச் சிறிது நேரமாகப் பழக்குங்கள். மிளகாயின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். தக்காளி நாற்றாயின், கீழிலைகளைக் களைந்துவிட்டுத் தண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்குமாறு ஆழ நடுங்கள்; புதைந்த தண்டு முழுவதும் வேர்விடும்.