குண்டுக்கு எவ்வளவு? கடைவீதியில் கேளுங்கள்!

(மதுரையில் இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

அணுகுண்டுக்குச் செலவாகும் பணத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்? இதைக் கேட்டு எழுதி வரத்தான் நீங்கள் போகிறீர்கள். "இது நமக்கு ஏன் ஹஜ்ரத்? அரசாங்கம் பார்த்துக் கொள்ளாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் சோதனை நடந்தது. சூடு ஆறுவதற்குள் ஓர் ஆங்கில நாளேடு கருத்துக் கணிப்பு வெளியிட்டது. 91 சதவீதம் பேர் ஆதரவாம்! யாரைக் கேட்டார்கள்? ஆறு பெருநகரங்களில் சுமார் ஆயிரம் பேரை. மேலூர் விவசாயியைக் கேட்டார்களா? உசிலம்பட்டி சந்தையில் காய் விற்கும் தாயைக் கேட்டார்களா? 1999 தேர்தலை ஒட்டி டெல்லியின் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனம் கிராமங்களுக்கும் சென்று விசாரித்தது. வாக்காளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்படியொரு சோதனை நடந்ததையே கேள்விப்படவில்லை என்று தெரிந்தது. கேள்விப்படாதவர் எப்படி ஆதரித்திருப்பார்? ஆனாலும் "நாடே ஆதரிக்கிறது" என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

ஷூரா, அதாவது கலந்தாலோசனை, நம் மார்க்கம் கற்றுத் தந்த பண்பு. கேட்காமலே "மக்கள் சம்மதித்தார்கள்" என்று சொல்வது ஆலோசனை ஆகாது.

கணக்கு கேட்பது குற்றமா?

வியாபாரிகளே, நீங்கள் கணக்குத் தெரிந்தவர்கள். அணு ஆயுதச் செலவு இவ்வளவு என்று நம் பட்ஜெட்டில் தனி வரியாக இல்லை. பல துறைகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. 2017-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற 'ஐகேன்' அமைப்பு, 2023-ஆம் ஆண்டில் இந்தியா செலவிட்டது சுமார் 270 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. நம் பணத்தில் 22,000 கோடி ரூபாய்!

நம் ஊர்க் கணக்கோடு ஒப்பிடுங்கள். தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024-இல். திட்ட மதிப்பு சுமார் 1,977 கோடி. அதில் பெரும்பகுதி ஜப்பான் தரும் கடன். அணுகுண்டால் வெந்த நாட்டிடம் மருத்துவமனை கட்டக் கடன் வாங்குகிறோம். அதே வேளையில் ஓராண்டில் பதினோரு எய்ம்ஸ் கட்டும் பணத்தைக் குண்டுக்குக் கொடுக்கிறோம்.

"நீ பாகிஸ்தான் ஆளா?"

தம்பிகளே, இந்தக் கேள்வி வரும். தாடியையும் தொப்பியையும் பார்த்ததும் வரும். கோபப்படாதீர்கள். "இரண்டு நாட்டுக் குண்டும் வேண்டாம் என்பவர்கள் நாங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். 1998 மே 28-இல் சாகாயில் பாகிஸ்தான் குண்டு வெடித்தபோது சிலர் அதை 'இஸ்லாமியக் குண்டு' என்று மகிழ்ந்தார்கள். குண்டுக்கு ஏது கலிமா? வெடித்த கையோடு அந்த அரசு தன் மக்களின் வெளிநாட்டு நாணயக் கணக்குகளை முடக்கியது. வியர்வை சிந்திச் சேர்த்த டாலரை டாலராக எடுக்க முடியாமல் நின்றவர்கள் அந்நாட்டு வியாபாரிகளும் வெளிநாட்டில் உழைத்தவர்களும்தான்.

படை அனுப்பும்போது பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லாதீர்கள், கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று கட்டளையிட்டார்கள் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள். குழந்தை, மரம், மருத்துவமனை என்று பார்க்கத் தெரியாத ஓர் ஆயுதத்தை, எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும், நாம் எப்படி ஆதரிப்போம்?

"அப்துல் கலாம் உங்கள் ஆள்தானே?" என்றும் கேட்பார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான அந்தப் பெரியவரின் உழைப்பையும் எளிமையையும் மதிக்கிறோம். ஒருவரை மதிப்பது வேறு. அரசின் செலவைக் கேள்வி கேட்பது வேறு.

மீன்கடையில் தொடங்கியது

தெருவில் நின்று கேட்டு என்ன ஆகும் என்று சோர்ந்து விடாதீர்கள். 1954 மார்ச் 1-இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் 23 பேர் மீது விழுந்தது. ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். மீன் வாங்க மக்கள் அஞ்சினார்கள். மீன் வியாபாரம் படுத்தது. டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் மீன் வியாபாரிகளும் இல்லத்தரசிகளும் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் சேர்ந்தவை 3 கோடிக்கும் மேல்! நம் நாட்டிலும் 1999-இல் மே 11 முதல் ஆகஸ்ட் 6 வரை பொக்ரானிலிருந்து சாரநாத் வரை அமைதி நடைப்பயணம் சென்றவர்கள் உண்டு.

எப்படிக் கேட்பது?

முதலில் செலவுக் கணக்கைச் சொல்லாமல் கருத்தைக் கேளுங்கள், எழுதிக் கொள்ளுங்கள். பிறகு கணக்கைச் சொல்லி, மறுபடி கேளுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். பெயர், முகவரி வேண்டாம். அப்போதுதான் பயமின்றிப் பேசுவார்கள். காஜிமார் தெரு, நெல்பேட்டை, கோரிப்பாளையத்தோடு நின்று விடாதீர்கள். அங்கே நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்கும். விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளுக்கும், மாட்டுத்தாவணிக்கும், திருமங்கலத்திற்கும் போங்கள். வியாபார நேரத்தில் கடையை மறிக்காதீர்கள். "குண்டு வேண்டும்" என்பவரிடம் தர்க்கம் செய்யாதீர்கள். அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். பெரும்பான்மை நமக்கு எதிராக வந்தாலும் ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். பொய்க் கணக்கைக் கண்டிக்கக் கிளம்பிய நாம் பொய்க் கணக்கு எழுதலாமா? எடையில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று ஓதுகிற சமுதாயம் நாம்.

கேட்கப்படாதவர்களின் கருத்தைக் கேட்டு வாருங்கள். கிடைத்த கணக்கோடு, கட்சி வேறுபாடின்றி நம் எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.க்களிடமும் இன்ஷா அல்லாஹ் போவோம். வல்ல அல்லாஹ் உங்கள் நாவில் நிதானத்தையும் எழுத்தில் நேர்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.