பிரஸ்ஸல்ஸில் இரண்டு மணி நேரம்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பயண அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். இந்த வருடம் நம் குடியிருப்பில் நான்கைந்து குடும்பங்கள் ஐரோப்பா டூர் போகத் திட்டமிட்டிருப்பதாகவும் சொன்னார். போய்வந்த எல்லா ஊரையும் வரிசையாகச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் ஒரே ஓர் ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே நாங்கள் இருந்தது இரண்டு மணி நேரம். பெல்ஜியத்தின் தலைநகரம் பிரஸ்ஸல்ஸ்.

நான் வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்தவன். 2018 ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். அடுத்த மாதமே, கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, நானும் மனைவியும் ஒரு குழுவோடு கிளம்பினோம். வெளிநாடு போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. எனக்கு அந்த ஆசை பெரிதாக இல்லை. ஆனால் பயண நிரலை அச்செடுத்து, பார்த்த இடத்துக்கெல்லாம் பேனாவால் டிக் போடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வவுச்சருக்கு டிக் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா?

பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகிற நாள் அது. கோச்சில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வழியில் பிரஸ்ஸல்ஸ். பெரும்பாலான டூர்களில் இந்த ஊர் இப்படி வழியில்தான் வரும். அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி கோச் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். எங்கேயாவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதைப் பெயர் பெற்ற ஊரில் நிறுத்தினால் நிரலில் ஒரு நாடு கூடுதலாகச் சேர்ந்துவிடும்!

நிரலில் மூன்று இடங்கள் போட்டிருந்தார்கள். கிராண்ட் பிளாஸ் என்ற சதுக்கம், மன்னெகென் பிஸ் என்ற சிறுவன் சிலை, அடோமியம். மூன்றாவதைக் கோச்சிலிருந்தே பார்க்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதை நான் அங்கே போன பிறகுதான் படித்தேன்.

இறங்கி நடந்து சதுக்கத்துக்குள் நுழைந்தோம். நாலு பக்கமும் பழைய மாளிகைகள், முகப்பில் தங்க வேலைப்பாடு. ஒரு பக்கத்தில் நகர மன்றக் கட்டடம். அதன் கோபுரம் 96 மீட்டர் உயரம். இளைஞர்கள் கருங்கல் தரையிலேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, இங்க கொஞ்ச நேரம் உட்காரலாமே" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "லிஸ்ட்ல இன்னும் ரெண்டு இருக்கு, வா" என்று சொல்லி, அவசரமாக ஏழு போட்டோ எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன். முட்டி வலியோடு அவளும் பின்னால் வந்தாள்.

ஐந்து நிமிட நடையில் ஒரு தெருமுனை. இரும்புக் கம்பி வேலி. அதற்கு முன்னால் ஒரே கூட்டம், எல்லார் கையிலும் செல்போன். நானும் முண்டியடித்து முன்னால் போய்ப் பார்த்தால், சிறுநீர் கழிக்கிற நிலையில் ஒரு சின்னப் பையன் சிலை. உயரம் 55 சென்டிமீட்டர்தான். நம் வீட்டுக் குடிநீர்க் கேனைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. பக்கத்துச் சாக்லேட் கடை வாசலில் வைத்திருந்த பொம்மை அதைவிடப் பெரிதாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "இந்தக் குழாயடிப் பொம்மையைப் பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?" என்று டூர் மேனேஜரிடம் சத்தமாகவே கேட்டேன். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஏதோ பெரிய ஜோக் அடித்த மாதிரி சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் கழிவறை வரிசை, வாஃபிள் கடை வரிசை, அதோடு நேரம் முடிந்தது. அடோமியம் கோச் ஜன்னலில் ஒரு நிமிடம் தெரிந்தது. 1958 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. இரும்புப் படிகத்தின் அணு அமைப்பைப் பெரிதாக்கிய வடிவம், ஒன்பது உருண்டைகள், 102 மீட்டர் உயரம். நான் டிக் போட்டேன். மூன்றுக்கு மூன்று, கணக்கு டாலி.

கோச் நெடுஞ்சாலைக்கு வந்ததும் மனைவி மெதுவாகச் சொன்னாள். "அந்தச் சதுக்கத்தைச் சரியாப் பார்க்கவே இல்லைங்க." நான் சொன்ன பதில், "போட்டோ எடுத்திருக்கேன், வீட்ல போய்ப் பார்த்துக்கலாம்."

ஊர் திரும்பிய பிறகு யார் கேட்டாலும், "பிரஸ்ஸல்ஸ் சுத்த வேஸ்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் மனைவிக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் பொழுது போகாமல் பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தோம். ஏழு போட்டோவில் ஐந்தில் எங்கள் இரண்டு தலைகள்தான். பின்னால் தெரிகிற கட்டடம் என்னவென்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அந்த ஊரைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

1695 ஆகஸ்டில் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படை அந்த நகரத்தின் மீது குண்டு வீசியது. ஊரின் நடுப்பகுதி எரிந்து போயிற்று. சதுக்கத்தைச் சுற்றியிருந்த வீடுகள் பெரும்பாலும் தரைமட்டம். அவை ரொட்டி சுடுகிறவர்கள், பீர் காய்ச்சுகிறவர்கள், படகுக்காரர்கள் என்று ஒவ்வொரு தொழில்காரர் சங்கத்துக்கும் சொந்தமான வீடுகள். நம்மைப் போலச் சங்கம்தான்! அந்தச் சங்கங்கள் சில வருடங்களுக்குள் முன்பைவிட அழகாகத் திரும்பக் கட்டிவிட்டன. என் மனைவி நின்று பார்த்தது அதைத்தான். யுனெஸ்கோ 1998இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

நான் கேலி செய்த பையன் விஷயத்துக்கு வருகிறேன். அது உண்மையிலேயே குழாயடிப் பொம்மைதான். தெருமக்கள் குடிதண்ணீர் பிடித்த நீரூற்று அது. 1619இல் ஜெரோம் துகெனுவா என்ற சிற்பியிடம் நகர நிர்வாகம் வெண்கலத்தில் செய்யக் கொடுத்தது. 1695இல் குண்டு விழுந்தபோது அந்த ஊர் மக்கள் இந்தச் சின்னப் பையனைப் பத்திரமாக ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு விழா எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். ஊரே எரியும்போது எடுத்து ஒளித்து வைத்தார்கள் என்றால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரியது? நான் சென்டிமீட்டரில் அளந்துவிட்டு வந்தேன்.

அவனுக்கு உடை மாற்றுகிற வழக்கமும் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடைகள் சேர்ந்து, அதற்கென்றே சிலைக்குப் பக்கத்தில் ஒரு அருங்காட்சியகம் 2017இல் திறந்திருக்கிறார்கள். நாங்கள் வாஃபிள் வரிசையில் நின்ற நேரத்தில் அதைப் பார்த்திருக்கலாம்.

இன்னொன்று. தெருமுனையில் நிற்பது நகல். அசல் சிலை பலமுறை திருட்டுப் போனதால், இப்போது சதுக்கத்திலேயே உள்ள நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். என் மனைவி கேட்டாளே, போட்டோவில் பின்னால் தெரிகிற கட்டடம் எது என்று? அதுதான் அந்த அருங்காட்சியகம். அசலுக்கு முதுகைக் காட்டி போட்டோ எடுத்துக்கொண்டு, நகலைப் பார்க்க அவளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

நமக்கு வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அந்தச் சிலையில் தினமும் 1,500 முதல் 2,500 லிட்டர் வரை நல்ல குடிதண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று 2019இல் செய்தி வந்தது. இப்போது அதே தண்ணீரைச் சுழற்சியில் விடுகிறார்கள். நம் மேல்நிலைத் தொட்டி வழிகிற விஷயத்தைச் செயலாளர் கவனிக்க வேண்டுகிறேன்! (சிரிப்பு)

டூர் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவைதான்.

பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஊரிலும் கால் தரையில் படுகிற நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். 'பார்த்தல்', 'உள்ளே சென்று பார்த்தல்', 'கோச்சிலிருந்து பார்த்தல்' மூன்றும் வேறு வேறு. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஊருக்கு ஒரு பக்கமாவது படியுங்கள். நான் ஏழு வருடம் கழித்துப் படித்தேன். அதைப் போகிற வழியில் கோச்சிலேயே படித்திருக்கலாம்.

இரண்டு மணி நேரம்தான் என்றால் ஓர் இடம் போதும். மீதியை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்று கூட வருகிறவரையும் கேளுங்கள். முக்கியமாக, முட்டி வலிக்காரர்களைக் கேளுங்கள்.

பிரஸ்ஸல்ஸ் எங்களை ஏமாற்றவில்லை. அங்கே உட்கார அரைமணி நேரம் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. இனி நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். எனவே அந்த அரைமணியை அந்த இடத்தில் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. சஸ்பென்ஸ் கணக்கில் அப்படியே நிற்கிறது.

கடைசியாகச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் சங்கம் சார்பில் தஞ்சாவூர் போகிறோம். நிரலைப் பார்த்தேன். ஒரே நாளில் ஏழு இடங்கள், பெரிய கோயிலுக்கு 40 நிமிடம் என்று இருக்கிறது. ஏழை மூன்றாக்கி, பெரிய கோயிலுக்கு ஒரு முழு மாலை நேரத்தைக் கொடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு பிரகாரத்தில் உட்கார நிறைய இடம் இருக்கிறது. நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். இந்த முறை அச்செடுத்த நிரலும் பேனாவும் வீட்டிலேயே இருக்கும்.