ஓடித் தாண்டும் விளையாட்டுக்கு முழு விலை தகுமா?

நெல்லுக்கு விலை கூறுவது எளிது, அளக்கப் படியுண்டு. துணிக்கு விலை கூறுவதும் எளிது; அளக்க முழமுண்டு. கற்பனையால் ஆக்கப்படும் பண்டத்துக்கு அளவுகோல் எது என்று கேட்டால்தான் இடர்ப்பாடு தோன்றுகிறது. இந்த இடர்ப்பாடு 2021ஆம் ஆண்டில் அமெரிக்க வீடியோ விளையாட்டுப் பிரியரிடையே பெரும் வாதமாக மூண்டது. யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ 'மெற்றொயிட் டிரெட்' என்னும் புதிய விளையாட்டுக்கு 60 டொலர் விலை குறித்தது. பக்கவாட்டில் நகரும் விளையாட்டு ஒன்றுக்கு இத்துணை விலையா என்று பலர் சினந்தனர். தகும் என்று வேறு பலர் வாதாடினர்.

இவ்வகை விளையாட்டைக் கண்டிராத நேயர்களுக்காக இரண்டொரு வார்த்தை கூறவேண்டும். தொலைக்காட்சித் திரையில் ஒரு சிறிய உருவம், பெரும்பாலும் இடமிருந்து வலமாக, ஓடுகிறது. குழி வந்தால் தாண்டுகிறது. பகை வந்தால் மிதிக்கிறது. மேடைவிட்டு மேடை பாய்கிறது. அது ஓட ஓடப் பின்னணிக் காட்சி சுருள் விரிவதுபோல நகர்கிறது. அங்கே நீளமும் உயரமும் உண்டு, ஆழமில்லை. தோற்பாவைக் கூத்தின் வெண்திரையை நினைவிற் கொண்டால் போதும்.

இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது 'சுப்பர் மாரியோ பிறதர்ஸ்' என்னும் விளையாட்டு. கியோட்டோ நகரில் ஷிகெரு மியமொட்டோவும் தக்காஷி தெசுக்காவும் ஆக்கிய அது, 1985 செப்தெம்பரில் 4,900 யென் விலையில் வெளிவந்தது. முழு விளையாட்டும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல் ஐம்பது மடங்கு இடம் வேண்டியிருக்கும். இடம் போதாமையால், வானத்து மேகத்துக்கு வரைந்த உருவத்துக்கே பச்சை நிறம் கொடுத்துத் தரையிற் புதராக வைத்தனர். முப்பத்திரண்டு கட்டங்களும் இத்தகைய சிக்கனத்தினின்று எழுந்தவையே. அக்காலத்தில் விலைக்குக் கண்ணாற் காணத்தக்க ஒரு நியாயமும் இருந்தது. விளையாட்டு, நினைவகச் சிப்புகள் பதித்த பிளாஸ்ரிக் பேழையாகவே விற்கப்பட்டது. சிப்பின் விலை ஏறினால் பேழையின் விலையும் ஏறும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் 50 டொலர் அளவில் கொடுத்து வாங்கியவர் கையில் கனமான பொருளொன்றைப் பெற்றார். அந்த 50 டொலர் இன்றைய நாணய மதிப்பில் 100 டொலருக்கு மேற்படும் என்பதை, 60 டொலருக்குச் சினப்போர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

1996இல் 'சுப்பர் மாரியோ 64' வந்தது. உருவங்கள் ஆழமுள்ள வெளியில் எத்திசையும் திரியலாயின. அன்றுதொட்டு, தட்டை விளையாட்டு பழைய வகை, ஆகவே மலிவு வகை என்னும் எண்ணம் வேரூன்றியது. எனினும் 2009இல் தட்டை வகையைச் சேர்ந்த மாரியோ விளையாட்டு ஒன்று 50 டொலர் என்னும் முழு விலைக்கே வெளியாகி, காலப்போக்கில் ஏறக்குறைய 3 கோடிப் பிரதிகள் விற்றது.

மலிவு என்னும் எண்ணத்துக்கு வலுவூட்டியவை இணையக் கடைகள். 2008இல் ஜொனதன் புளோ தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஆக்கிய 'பிரெயிட்' அவ்வழியே 15 டொலருக்கு விற்கப்பட்டது. அன்று 15 டொலரே மிகை என்று முறையிட்டோர் இருந்தனர் என்பது இன்று கேட்க வேடிக்கையாயிருக்கும்! 2017இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்துச் சிறு குழுவொன்று 'ஹொலோ நைற்' என்னும் பரந்த விளையாட்டுலகை அதே 15 டொலருக்குத் தந்தது. பதினைந்துக்கு இவ்வளவு கிடைக்குமாயின் அறுபதுக்கு நான்கு மடங்கு கிடைக்கவேண்டாமா என்பது வாங்குவோர் கேள்வி. பிள்ளைக்கு ஆண்டில் ஒன்றோ இரண்டோ விளையாட்டு வாங்கிக் கொடுக்கும் தகப்பனுக்கு 60 டொலர் சிறு தொகையன்று. ஆதலால் கேள்வியை அலட்சியம் செய்தல் முறையாகாது.

எனினும் கேள்விக்கு அடியிலுள்ள கணக்குப் பிழையானது. சிறு குழுவினர் குறிக்கும் விலை அவர்களுடைய உழைப்பின் மதிப்பன்று. கனடாவின் மோல்டன்ஹவர் சகோதரர் 'கப்ஹெட்' என்னும் விளையாட்டை 1930களின் கேலிச் சித்திரப் படங்களின் பாணியில், அசைவுகளைக் கடதாசியிற் கையால் வரையச் செய்து ஆக்கினர். வீடுகளை ஈடுவைத்தே பணியை முடித்தனர். 2017இல் அதற்கு அவர்கள் பெற்ற விலை 20 டொலர். அது விற்றது; வீடும் தப்பியது. ஈடு மீளாதவர்களின் கதை யார் காதிலும் விழுவதில்லை. 2025 செப்தெம்பரில் அடிலெயிட் குழுவினர் பல்லாண்டு உழைப்பின் பின் 'சில்க்சோங்' என்னும் அடுத்த விளையாட்டை 20 டொலருக்கு வெளியிட்டபோது, இணையக் கடைகள் நெரிசல் தாளாது தடுமாறின. முந்திய விளையாட்டின் பெரு விற்பனை அவர்களுக்குக் கைமுதலாக இருந்தது. அவ்விலையைச் சுட்டிக்காட்டி, முதன்முறை கடை விரிக்கும் ஒருவரிடம் நீயும் அவ்வாறே தா என்று கேட்பது நியாயமன்று.

மணிக்கணக்கு எண்ணுவோர் இன்னொரு சாரார். ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும் விளையாட்டுக்கு 60 டொலரா என்பர். இவர்களுக்கு அஞ்சி, மோரிலே தண்ணீர் பெருக்குவதுபோல விளையாட்டை நீட்டுவோரும் உண்டு. தாண்டும் விளையாட்டின் சுவை கால நீளத்தில் இல்லை. ஒரு பாய்ச்சலில் இருக்கிறது. விரல் அழுத்தும் கணத்துக்கும் உருவம் எழும் கணத்துக்கும் உள்ள இசைவு, காற்றில் அது எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், தரையில் இறங்கியபின் எவ்வளவு தூரம் வழுக்கவேண்டும் என்பனவற்றைத் திருத்தித் திருத்தி அமைப்பதற்கே பெருங்காலம் செலவாகும்.

2023 ஒக்டோபரில் 60 டொலருக்கு வந்த 'சுப்பர் மாரியோ பிறதர்ஸ் வொண்டர்' இதற்கு நல்ல சான்று. முதலாம் கட்டத்திலேயே விந்தைப் பூவொன்றைத் தொட்டதும், நாற்பதாண்டளவாக அசையாது நின்ற பச்சைக் குழாய்கள் புழுக்களைப்போல ஊரத் தொடங்குகின்றன. பிறிதொரு கட்டத்தில் கடிக்கும் செடிகள் பாடிக்கொண்டு அணிவகுத்து வருகின்றன. 1985இன் பணியிற் பங்குகொண்ட அதே தெசுக்காவே இதன் தயாரிப்பாளர். தொடக்கத்தில் காலவரையறை எதுவும் வைக்காமல், குழுவினர் பலரிடமும் துண்டுக் கடதாசிகளில் யோசனைகளைப் பெற்றுப் பரீட்சித்ததாக ஆக்கியோர் கூறியுள்ளனர். அவற்றுட் பெரும்பகுதி கழிக்கப்பட்டது. கழித்தவற்றை ஆக்கியவருக்கும் சம்பளம் உண்டன்றோ? திரையில் தோன்றாத அந்தச் செலவே முழு விலைக்குரிய நியாயம். இரு வாரத்தில் 43 இலட்சம் பிரதிகள் விற்றன.

ஆனால் இந்த நியாயம் எல்லாவற்றுக்கும் செல்லாது. 2012ஆம் ஆண்டில் அதே நிறுவனம் சில மாத இடைவெளியில் இரண்டு மாரியோ விளையாட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்டது. தோற்றமும் இசையும் முன்னையவற்றின் எதிரொலியாகவே இருந்தன. சலிப்புற்றோரைக் குறைகூற இயலாது. 2014இல் 50 டொலருக்கு விற்ற 'டொங்கி கொங் கன்ரி: ட்ரொப்பிக்கல் பிறீஸ்' நான்காண்டின் பின் புதிய கருவிக்கென 60 டொலருக்கு வந்தது. குறிப்பிடத்தக்கதாகச் சேர்ந்தது, புதியவர்க்கு உதவும் ஓர் இலகு முறையே. பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசி வாடகையை உயர்த்துவதற்கு வேறு உவமை வேண்டியதில்லை. அந்த விளையாட்டு அருமையானது என்பது உண்மையே. பத்து டொலர் ஏற்றம் அதனால் நியாயமாகிவிடாது.

வாங்குவோர் முழு விலை கொடுக்க மறுத்தால் நேர்வது யாது? 2024 ஜனவரியில் பிரான்சின் மொம்பெலியே நகரத்துக் குழுவொன்று, யூபிசொவ்ற் நிறுவனத்துக்காக, 'பிரின்ஸ் ஒவ் பேர்ஷியா: த லொஸ்ற் கிரவுண்' என்னும் தட்டை விளையாட்டை 50 டொலருக்கு வெளியிட்டது. விமர்சகர் வாயாரப் புகழ்ந்தனர். அந்நிறுவனத்தின் விளையாட்டுகள் சில மாதங்களில் விலை இறங்கும் என்று பழகியிருந்த பலர் காத்திருந்தனர், விலையும் இறங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில், அக்குழுவினரிற் பெரும்பாலோர் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டமை தெரியவந்தது. நின்ரெண்டோவோ தன் மாரியோ விளையாட்டுகளின் விலையை எளிதிற் குறைப்பதில்லை. அங்கே காத்திருந்து காணும் இலாபம் சொற்பம். மாதிரிக் கட்டம் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டாயின் அதை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம். கிடையாதாயின் பிறர் ஆடுவதையேனும் பார்க்கலாம். பாய்ச்சல் கைக்கு இசைகிறதா, ஐந்தாம் கட்டம் முதலாம் கட்டத்தையே திருப்பிச் சொல்கிறதா என்பது அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.