யாருடைய தயக்கம்?

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, மயிலாடும்பாறை)



1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர் என்று பண்டிதரைக் கொண்டாடுகிறோம். அவர் ஒரு சித்த வைத்தியர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. வைத்தியர் ஒருவரின் நினைவில் கூடியிருக்கும்போது நோயையும் மருந்தையும் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

2021 இல் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது 'கிராம மக்கள் தயக்கம்', 'ஏழைகளிடம் விழிப்புணர்வு இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது சேரியில் தொடங்கவில்லை.

பெரியம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு 1802 இல் வந்தது. ஊசி போட்ட குழந்தையின் கையில் எழும் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையைக் கீறி வைப்பார்கள். கைக்குக் கை போகும் மருந்து அது. பறையர் குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீர் எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று சென்னை மாகாணத்தில் ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். இந்த மறுப்பும், இந்த முறையில் வேறு நோய்களும் தொற்றும் என்ற அச்சமும் சேர்ந்து, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுக்குட்டியிடமிருந்து மருந்து எடுக்கும் முறை வந்தது. அவர்களுடைய மறுப்புக்கு அரசு ஒரு வழி கண்டது.

நம் பிள்ளைகளிடம் எப்படிச் சம்மதம் கேட்டார்கள்? 2009-10 இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். ஆந்திரம், குஜராத் இரண்டிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தார்கள். சாவுக்கு ஊசி காரணமில்லை என்றது விசாரணை. ஆனால் சம்மதம் பெற்ற முறையை 2013 இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

இப்போது கொரோனாக் காலத்துக்கு வருவோம். 2021 ஜனவரி 16 அன்று நாட்டின் முதல் ஊசி டெல்லி எய்ம்ஸில் ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. அது கோவாக்சின். அதன் மூன்றாம் கட்டச் சோதனை அப்போது முடிந்திருக்கவில்லை. பிரதமர் போட்டுக்கொண்டது மார்ச் 1 அன்று. முன்னுரிமை என்றார்கள், முன்னுரிமைதான். ஆனாலும் 'முதலில் எங்களுக்கா?' என்று துப்புரவுத் தொழிலாளி கேட்டால், அதை அறியாமை என்று தள்ள முடியுமா?

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். முறையான ஆய்வுக் குழுவின் முடிவு வெளிவர அக்டோபர் ஆனது. இடையில் ஆறு மாதம் டீக்கடைகள்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

மே மாதம் 18 முதல் 44 வயது வரையுள்ளோர் இணையத்தில் பதிய வேண்டும் என்றார்கள். வருசநாட்டுக்கு மேலே உள்ள மலைக் கிராமங்களில் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடேறினால்தான் சிக்னல். தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு ஓர் ஊசி 780 ரூபாய் என ஜூனில் விலை வைத்தார்கள். இந்த வயதினரைக் காசு கொடுக்கவைக்கும் கொள்கை மேலோட்டமாகப் பார்த்தாலே தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே, ஜூன் 21 முதல் எல்லோருக்கும் இலவசம் என்றானது.

பரிசோதனையின் கதையும் இதுதான். கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நம் சனங்கள். எல்லையில் சான்று கேட்டார்கள். தொற்று என்று வந்துவிட்டால் இரண்டு வாரம் வேலை இல்லை, கூலியும் இல்லை. வாசலில் தகரம் அடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. மூக்கில் குச்சி விடுவதற்கு அவர்கள் பயப்படவில்லை. அடுப்பு அணைவதற்குப் பயந்தார்கள். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போகும் என்பதும் அதே பயம்தான்.

2021 செப்டம்பர் 12 அன்று தமிழகம் முழுக்க முகாம் போட்டார்கள். இலக்கு 20 லட்சம். ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். ஊசி தெருவுக்கு வந்தது, காசில்லாமல் வந்தது. சனங்கள் கை நீட்டினார்கள். 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' எங்கே போனார்கள்?

மூன்றாவது ஊசியில் பழைய தவறு திரும்பியது. 2022 ஏப்ரலில் 60 வயதுக்குக் கீழுள்ள பெரும்பாலோருக்கு அது தனியாரில் காசுக்கு என்றார்கள். ஜூலை 15 முதல் 75 நாள் இலவசம் என்றபோது சனங்களின் கவனம் போய்விட்டது. நாளாக ஆக உடலின் எதிர்ப்பு குறையும், முதியவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அதனால் ஆபத்து கூடும் என்பதைத் தெருவுக்கு வந்து சொன்னவர்கள் எத்தனை பேர்?

தோழர்களே, இதையெல்லாம் நான் சொல்வது ஊசியை மறுக்க அல்ல. தடுப்பூசி உயிரைக் காத்தது. அது இல்லாமல் முதலில் சாகிறவர்கள் நாம்தான். கம்மத்தில் போட்ட அதே வகைப் புற்றுநோய்த் தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்கு வழங்குவதாகத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் ஏழைப் பெண்களை அதிகம் தின்னும் நோய். அந்த ஊசி நம் பிள்ளைகளுக்கு வேண்டும். கடைசிப் பிள்ளை வரைக்கும் வேண்டும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். முகாமுக்கு முந்தைய வாரமே தெருவுக்குப் போங்கள். ஊசியின் பெயர் என்ன, எந்த நோயைத் தடுக்கும், ராத்திரி என்ன செய்யும், மேலுக்கு முடியாமல் போனால் யாரிடம் போவது என்று தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் சிரிக்காதீர்கள். ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் படிக்கும் பிள்ளைக்கு ஊசி என்றால் அம்மாவிடம் சொல்லி அம்மாவின் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். காப்பாளர் கையெழுத்து போதாது. அன்றாடக் கூலிக்காரருக்கு ஊசி போட்ட மறுநாள் கூலியை அரசு தரட்டும் என்று நாம் கோரிக்கை வைப்போம்.

கேட்டுத் தெரிந்துகொண்டு நீட்டும் கைதான் உரிமையோடு நீட்டும் கை.