மணியும் மணித்தியாலமும்



"ஐந்து மணி" என்பதற்கும் "ஐந்து மணித்தியாலம்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் நாட்டுச் சிறுவரும் அறிவர். முன்னது ஒரு பொழுதைச் சுட்டுவது. பின்னது ஓர் அளவைச் சுட்டுவது. கொழும்பில் ஐந்து மணி அடிக்கும்போது இலண்டனில் ஐந்து மணி அன்று. ஐந்து மணித்தியாலமோ எவ்வூரிலும் ஐந்து மணித்தியாலமே. இந்த எளிய வேறுபாட்டைக் கணனிக்கு உரைக்கத் தவறினால் விளையும் குழப்பம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கணனி விளையாட்டொன்றை இயன்றவரை விரைவாக ஆடி முடிக்கும் போட்டியை ஸ்பீட்ரன் என்பர். 1985 இல் யப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிறதர்ஸ் என்னும் விளையாட்டு இப்போட்டியிற் பெயர்பெற்றது. அதனைக் குறுக்குவழிகளால் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கும் வல்லவர்கள் உளர். செக்கனின் சிறு பின்னமும் அவர்களுக்குப் பெரும்பொருள். ஆதலின், ஒவ்வொரு முயற்சியின் நேரத்தையும் பதிந்து, முன்னேற்றத்தை வரைபாகக் காட்டும் இணையத்தளங்கள் அவர்களுக்குத் துணைநிற்கின்றன.

4 நிமிடம் 55 செக்கனில் ஆடி முடித்த ஒருவர் கொழும்பிலிருந்து தமது வரைபைத் திறக்கின்றார் என்று கொள்வோம். அதன் அச்சிலோ 5 மணி 34 நிமிடம் 55 செக்கன் என்று காண்கின்றது! ஐந்தரை மணித்தியாலம் எங்கிருந்து வந்து சேர்ந்தது?

ஆட்டநேரத்தைத் தளம் 2,95,000 மில்லிசெக்கன் என்ற எண்ணாக வைத்திருக்கின்றது. எண்ணிற் பிழையில்லை. ஆனால் வரைபு தீட்டும் நிரல் அதனை அளவாகக் கொள்ளாது பொழுதாகக் கொண்டுவிடுகின்றது. கணனிகள் பல, 1970 ஜனவரி 1 ஆம் நாள் கிறீனிச் நள்ளிரவிலிருந்தே காலத்தை எண்ணுகின்றன. ஆகவே அந்த எண், அந்நள்ளிரவு கழிந்து 4 நிமிடம் 55 செக்கன் என்ற பொழுதாகின்றது. அதனை நிரல் இலங்கை நேரத்துக்கு மாற்றவே, ஐந்தரை மணித்தியாலம் கூடிவிடுகின்றது.

இதே வரைபை நியூயோர்க்கில் திறந்தால், 1969 டிசம்பர் 31 மாலை 7 மணி 4 நிமிடம் 55 செக்கன் எனக் காணும். இலண்டனிலாவது சரியாகுமோ எனின், அங்கும் ஒரு மணித்தியாலம் மிகுதியாகும். 1968 முதல் 1971 வரை பிரித்தானியா மாரிகாலத்திலும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்வைத்திருந்ததே காரணம். கிறீனிச் நேரத்துக்கு அமைத்த கணனியில் மட்டும் பிழை தோன்றாது. அத்தகைய கணனியிற் சோதித்தவர் கண்ணுக்கு எல்லாம் செவ்வையாகவே தெரியும். கோட்டின் ஏற்ற இறக்கமும் மாறாதாகையால், எண்களை வாசிப்பவரே குறையைக் காண்பர்.

திருத்துவது எவ்வாறு? ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டால் போதும் எனச் சிலர் எண்ணலாம். அது, புத்தகத்தின் பின்னுள்ள விடையைப் பார்த்து, கணக்கின் இறுதி வரியை மட்டும் மாற்றி எழுதும் மாணவனின் செயலை ஒக்கும். கொழும்பில் விடை சரியாகும். நியூயோர்க்கிற் பிழை இன்னும் பெருகும். எல்லோர்க்கும் கிறீனிச் நேரத்தையே காட்டினாலோ, 25 மணித்தியாலம் நீடித்த ஆட்டம் மறுநாள் 1 மணி என்றாகிவிடும்.

நேர்வழி எளிது. எண்ணை நாட்காட்டியிடம் ஒப்படைக்காமல் அளவாகவே வைத்து வகுத்தல் வேண்டும். 2,95,000 ஐ 1,000 ஆல் வகுக்க 295 செக்கன். அதனை 60 ஆல் வகுக்க 4 நிமிடம், மீதி 55 செக்கன். நாடும் ஆண்டும் இங்கு குறுக்கிடுவதில்லை. பின்னர் கணனியின் நேரத்தைக் கொழும்புக்கும் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் மாற்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட ஆட்டம் ஒன்றையும் இட்டுச் சோதித்தல் வேண்டும்.

ஆட்டக்காரர் பல நாள் முயன்று குறைத்தது ஒரு செக்கனாகவும் இருக்கலாம். அந்த ஒரு செக்கன் எவ்வூரில் இருந்து பார்ப்பினும் ஒன்றாகவே தெரிதல் அவருக்குரிய நீதி. மணி வேறு, மணித்தியாலம் வேறு என்று நம் பேச்சிலே இயல்பாக அமைந்த தெளிவை நிரல் எழுதுவோர் தம் தொழிலிலும் பேணுவாராக.