இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்த ஆலோசனையைத் தேநீர் வேளையில் இலவசமாகத் தருகிறோம். மேடையில் பேச வந்தது ஒரு சைக்கிளைப் பற்றி. ஒரே வகுப்பில் படித்த நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாங்கிய சைக்கிள் அது. ஐவர் சார்பில் பேசுவதால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

அது இரட்டை ஆசனச் சைக்கிள். ஆங்கிலத்தில் டான்டம் என்பார்கள். ஊரில் நாம் ‘டபிள்ஸ்’ போவது என்றால் ஒருவர் மிதிக்க, மற்றவர் பாரில் குந்தியிருப்பார். பொலிஸார் மறித்தால் இருவரும் இறங்கி நடப்போம். இது அப்படியல்ல. இரண்டு ஆசனம், இரண்டு சோடிப் பெடல். இரண்டையும் ஒரு செயின் இணைப்பதால் முன்னவர் கால் சுற்றும்போது பின்னவர் காலும் சுற்றும். ஹாண்டிலும் பிறேக்கும் முன்னவர் கையில். பின்னவருக்குப் பாதை தெரியத் தேவையில்லை, மிதித்தால் போதும். அதனால்தான் உலகெங்கும் பார்வையற்றவர்கள் இதை ஓட்டுகிறார்கள். பராலிம்பிக் போட்டிகளில் பார்வையற்ற வீரர் பின்னாலும் பார்வையுள்ளவர் முன்னாலும் இருந்து ஓட்டுவர். வென்றால் இருவருக்குமே பதக்கம்.

எங்களில் ஒருத்திக்கு விழித்திரை நோய். அவள் சம்மதத்துடனேயே இதைச் சொல்கிறோம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது அதன் பெயர். ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை நோய். முதலில் இருட்டில் கண் தெரியாது. பிறகு பார்வையின் ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். பலருக்கு அதுவும் மங்கிவிடும். 2017இல் அமெரிக்காவில் ஒரு மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அது குறிப்பிட்ட ஒரேயொரு மரபணுப் பழுதுக்கு மட்டுமே உதவும். எங்கள் தோழிக்கு உதவக்கூடியது அதுவல்ல.

இங்கே ஒரு வார்த்தை வைத்தியராகச் சொல்லியாக வேண்டும். இந்நோயின் சில வகைகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்புக் கூடுதல். இதில் யாரையும் பழி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், மற்றப் பிள்ளைகளையும் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். மாலையில் தடுக்கி விழும் பிள்ளையைக் ‘கவனமில்லாதவள்’ என்று ஏசுவதற்கு முன் காட்டுங்கள்.

அவள் தோட்டத்துப் பிள்ளை. றப்பர் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில், அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள். எங்கள் காலத்தில் லயத்துப் பெண்பிள்ளைகளில் சைக்கிள் ஓடியவர்கள் மிகச் சிலர். முப்பது வயதுக்குப் பிறகு அதை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஒருநாள் எங்களிடம் சொன்னாள்: “எல்லாரும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறீர்கள், நன்றி. ஆனால் உங்கள் வேகத்துக்கு நடந்து நடந்து என் கால் மறத்துப் போய்விட்டது.” அன்றுதான் இந்தச் சைக்கிளைத் தேடத் தொடங்கினோம்.

தேடியபோது அறிந்தவற்றைச் சொல்கிறோம், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். கொழும்புக் கடைகளில் கேட்டுப் பார்த்தோம். நாங்கள் போன கடைகளில் இருக்கவில்லை. வெளிநாட்டில் நல்லது புதிதாக வாங்க ஆயிரக்கணக்கான பவுண் வேண்டும். சட்டத்தைத் திருகிக் கழற்றி இரண்டு பெட்டிக்குள் அடுக்கக்கூடிய வகையும் உண்டு. அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டோம். கடைசியில் இலண்டனில் இருக்கும் தோழி, வயதான ஒரு தம்பதியிடம் பழையது ஒன்றைக் கண்டுபிடித்தாள். பழையதை வாங்கும்போது சில்லைப் பாருங்கள். இரண்டு பேரின் பாரத்தையும் இரண்டே சில்லுகள் தாங்குவதால், சாதாரணச் சைக்கிளைவிடக் கம்பிகள் கூடுதலாகவும் றிம் பலமாகவும் இருக்க வேண்டும். சட்டத்தின் மூட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன் ஆசனத்தின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நாங்கள் பின்னால் இருக்கப் போகிறவளின் கால் நீளத்தை அளந்து அனுப்பித்தான் வாங்கினோம். வீட்டுச் சாமான் வந்த கப்பல் பெட்டியில் அதுவும் வந்து சேர்ந்தது.

அடுத்தது புகையிரதம். இந்தச் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். பிரித்தானியாவிலேயே பல புகையிரத நிறுவனங்கள் இதை ஏற்பதில்லை. சைக்கிளை நிமிர்த்தித் தொங்கவிடும் கொளுக்கியில் இது அடங்காது.

சப்ரகமுவையில் பிறந்த நமக்கோ புகையிரதம் என்றாலே ஓர் ஏக்கம். களனிப் பள்ளத்தாக்குப் பாதை, இரண்டரை அடி அகலமே உள்ள சின்னப் பாதை, தோட்டங்களின் விளைச்சல் கொழும்புக்கு இறங்குவதற்காகப் போடப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் வந்தது. 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. 1970களில் இரத்தினபுரிப் பக்கமும் போயிற்று. 1990களில் பாதையை அகலமாக்கியபோது அது அவிசாவளையோடு நின்றுவிட்டது. இன்று இரத்தினபுரி மாவட்டத்துக்குப் புகையிரதமே இல்லை. கேகாலைப் பக்கத்தில், 1867இல் கண்டி வரை திறக்கப்பட்ட பிரதான பாதையில் றம்புக்கனை இருக்கிறது. ஆகவே நாங்கள் றம்புக்கனையைத் தெரிந்தெடுத்தோம்.

முதல் முயற்சியில் ஒரு நிலையத்தில் ‘இவ்வளவு நீளமா, ஏற்ற முடியாது’ என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை முதல் நாளே போய், எந்த வண்டியில் பொதிப் பெட்டி இருக்கிறது என்று விசாரித்து, பொதியாகப் பதிந்தோம். முன் சில்லைக் கழற்றி, பெடல்களை எடுத்து, ஹாண்டிலைத் திருப்பிக் கட்டினால் நீளம் நன்றாகக் குறையும். செயினைப் பழந்துணியால் சுற்றுங்கள்; மற்றவர் மூட்டையில் எண்ணெய் பட்டால் அடுத்த முறை உங்களை ஏற்ற மாட்டார்கள். ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டாவது ஆள் எங்கள் தோழிதான். சைக்கிளின் பின்பாதியைத் தூக்க அவளுக்குக் கண் தேவைப்படவில்லை.

றம்புக்கனையிலிருந்து பின்னவலை வழியாகக் கேகாலைக்கு ஓடினோம். யானைகள் இருக்கும் இடம் வருகிறது என்று எங்களுக்கு முன்பே மணத்தால் சொன்னவள் அவள். வழியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். ஆசனங்களை எண்ணினார், பெடல்களை எண்ணினார், சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

நமது மலைப் பாதைக்கு ஓர் எச்சரிக்கை. சமவெளியில் இது தனிச் சைக்கிளைவிட வேகம். இரண்டு பேர் மிதிக்கிறார்கள், காற்றோ ஏறத்தாழ ஒருவரைத்தான் எதிர்க்கிறது. ஏற்றத்தில் மெதுவாகும். இறக்கத்தில்தான் ஆபத்து. இரண்டு பேரின் பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் பிறேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் றிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். ஆகவே இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். மூன்றாவது பிறேக் ஒன்று பூட்டுவது நல்லது, நாங்கள் பூட்டியிருக்கிறோம்.

இனி, இந்தச் சைக்கிள் எங்களுக்குக் கற்பித்தது. முன்னவர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: பள்ளம், வளைவு, கியர், நிறுத்தம். சொல்லாமல் பிறேக் பிடித்தால் பின்னவர் தூக்கியெறியப்படுவார். யாருக்கு நிற்க வேண்டுமோ அவர் ‘நில்’ என்றால் உடனே நிற்பது, காரணம் பிறகு கேட்பது என்ற விதியைப் போட்டது எங்கள் தோழி. இருபது வருடமாக நோயாளிகளை ‘இங்கே இருங்கள், அங்கே போங்கள்’ என்று நடத்திப் பழகிய வைத்தியருக்கு அந்த விதி எளிதல்ல. ஆங்கிலத்தில் பின்னவரை ‘ஸ்டோக்கர்’ என்பார்கள். கரிப் புகையிரதத்தில் அடுப்புக்குக் கரி போடுபவருக்குள்ள அதே பெயர். அவர் கரி போடாவிட்டால் சாரதி விசில் ஊதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவளுடைய அம்மா முதலில் இதற்குச் சம்மதிக்கவில்லை. “கண் தெரியாத பிள்ளையைத் தார் றோட்டிலா கொண்டு போகிறீர்கள்?” என்று அழுதார். அந்தப் பயத்தை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. மூன்று மாதம் பிரட்டுக் களத்திலும் தோட்டத்துப் பாதையிலும் மட்டும் ஓடினோம். அம்மா வாசலில் நின்று பார்த்தார். பிறகு ஒருநாள் அவரே மகளின் தலைக்கவசத்து வாரை இறுக்கிவிட்டார்.

இதை இந்த மேடைக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. இன்று நமது கல்லூரியில் பார்வை குறைந்த இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். விளையாட்டுப் பாடத்தில் அவர்கள் மரத்தடியில் இருந்து மற்றவர்களின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருக்கிறார்கள். யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆகவே எங்கள் சைக்கிளைக் கல்லூரிக்குத் தர ஐவரும் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் தோழிதான் முதலில் சொன்னாள். அவளுக்கு ஓட வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிக்கு வருவாள்.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது மூன்று. வருடாந்தப் பராமரிப்புக்கு ஒரு சிறு தொகை. நல்ல தலைக்கவசம் நான்கு. எல்லாவற்றிலும் முக்கியமாக, முன் ஆசனத்துக்கு ஆட்கள். வெளிநாட்டுத் தோழிகள் முதல் இரண்டையும் தரலாம். மூன்றாவதை இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இருக்கும் நீங்கள்தான் தர வேண்டும்.

சைக்கிள் வெளியே விறாந்தையில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருக்கிறோம். முன்னால் இருக்க விரும்புபவர்கள் பெயர் எழுதுங்கள். பயிற்சி மைதானத்தில், நாளை காலை 7 மணிக்கு. கற்றுத்தரப் போகிறவள் எங்கள் தோழி, பின் ஆசனத்திலிருந்து.